கூர்ப்புக் கொள்கையை எடுத்துரைக்கும் முறைமை

ஒரு கொள்கையை உடன்படுதல் வேறு. அதனை உள்ளவாறு பிறர்க்கு எடுத்துரைத்தல் வேறு. உடன்படாதவன் எடுத்துரைக்குங்கால் அக்கொள்கை மெலிந்து தோன்றுதலும், உடன்பட்டவன் எடுத்துரைக்குங்கால் உள்ள அளவினும் பருத்துத் தோன்றுதலும் உலகியல்பு. இவ்விரண்டிற்கும் இடங்கொடாது நின்றவர் நம் சந்தானாசாரியருள் ஒருவராகிய அருணந்தி சிவாசாரியர். அவர் அருளிய சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தார் வருகின்றனர். ஒவ்வொருவர்க்கும் முதற்கண் அவரவர் மதம் கூறப்படுகின்றது. மறுதலை அதன் பின்னரே வருகின்றது. கடவுள் இல்லை, மறுபிறப்பு இல்லை என்னும் உலகாயதனுக்கும் அவ்வுரிமை மறுக்கப்பட்டிலது. அம்மதத்தான் தானே கேட்பினும் “இஃது எம் மதமே” என்று தலையசைக்குமாறு கூறிய பின்னரன்றி மறுத்தலாகாது என்பது அந்நூலிலிருந்து யாம் கற்றுக்கொண்ட மரபு. மறுத்தற்கு மட்டுமன்று, புகழ்தற்கும் இதுவே அளவுகோலாதல் தகும்.

சித்தாந்த நூல்கள் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கும். காண்டலில் ஐயமுந் திரிபும் புகுதல் கூடும். கருதலிற் போலி ஏதுக்கள் புகுதல் கூடும். உரையின்கண் உரைத்தவன் ஆப்தனோ அல்லனோ என்னும் ஆராய்ச்சி வேண்டப்படும். கண்டதைக் கண்டதாகவும், கருதியதைக் கருதியதாகவும், ஒருவர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் கலவாது வைத்துக் கூறுதலே நடுவுநிலைமை என்பது எமது துணிபு. இக்காலத்து மாணாக்கர் செவியிற் பலவாறாக வந்து விழுகின்ற கூர்ப்புக் கொள்கை பொதுமக்களுக்கு இம்மூன்றுங் கலவாது கூறப்பட்டு வந்ததா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

முதலில் அக்கொள்கையை அதனை உடையார் கூறுமாறே கூறுவாம். உயிரினங்கள் தொடக்கத்திலேயே தனித்தனியாய், என்றும் மாறாதனவாய்த் தோன்றியன அல்ல. முன்னிருந்த இனங்களினின்று நெடுங்காலத்திற் சிறிது சிறிதாய் வேறுபட்டு, ஒரு மரம் கிளைவிடுமாறு கிளைத்தன. ஓரினத்திற் பிறக்கும் உயிர்கள் தம்முட் சிறு வேறுபாடுடையன. அவ்வேறுபாடுகளுட் பல வழிவழி இறங்குவன. வாழுஞ் சூழலுக்கு இயைந்த வேறுபாடுடையன மிகுதியான வழித்தோன்றல்களை விட்டுச் செல்லும். அதனால் தலைமுறைதோறும் அவ்வேறுபாடு அவ்வினத்திற் பரவும். இதனை இயற்கைத் தேர்வு என்பர். 1858ஆம் ஆண்டு டார்வின், வலஸ் என்னும் இருவர் எழுதியனவும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒருங்கு படிக்கப்பட்டன. மறு ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி டார்வினது ‘இனங்களின் தோற்றம்’ வெளிவந்தது.

அந்நூலில் எம்மைக் கவர்ந்த பகுதி ஒன்றுண்டு. தம் கொள்கைக்கு நேரும் இடர்ப்பாடுகளைக் கூறுதற்கென்றே டார்வின் ஓர் அதிகாரம் வகுத்தார். கண் போன்ற நுண்ணிய உறுப்பு எவ்வாறு சிறிது சிறிதாய் அமைதல் கூடும், இடைநிலை உயிர்களின் சுவடுகள் ஏன் நிரம்பக் கிடைத்தில என்பன போன்ற தடைகளைப் பிறர் எழுப்புமுன் தாமே எழுப்பினார். 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் எதிரிகள் நிகழ்த்திய தடைகளுக்கென்று மேலும் ஓரதிகாரம் சேர்த்தார். தம் கருத்துக்கு மாறான செய்தி எதிர்ப்படின் உடனே குறித்துக் கொள்ளுதல் தம் வழக்கம் என்றும், அத்தகைய செய்திகளே மனத்தினின்று விரைவில் நழுவுவன என்றும் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் எழுதியுள்ளார். பரபக்கம் பயின்ற நமக்கு இது புதிய முறையன்று. ஆகவே கொள்கை பிறந்தவிடத்து முறைமை பிழைபட்டிலது. அதனைத் தெருவிற்குக் கொணர்ந்தவர் கையிலேயே பிழைபட்டது.

சொல்லளவிலேயே இடர் தொடங்குகின்றது என்பதையும் ஈண்டே கூறிவிடுவாம். ஈழத்துப் பாடநூல்கள் இதனைக் ‘கூர்ப்பு’ என்னும். தமிழகத்து நூல்கள் ‘பரிணாமம்’ என்னும். கூர்ப்பு என்பது தொல்காப்பிய உரியியலிற் காணப்படும் பழஞ்சொல். உள்ளது சிறத்தல் என்பது அதன் பொருள். அதனால் இச்சொல்லைக் கேட்ட சிறுவன், உயிர்கள் யாவும் ஓரேணியில் மேன்மேலேறிச் சிறந்து வருகின்றன என்றே கொள்வான். இருட்குகையில் வாழும் மீன் தலைமுறை பல கழியக் கண்ணிழந்ததும் கூர்ப்பே. பிற உயிரின் குடலில் வாழும் நாடாப்புழுவுக்குத் தனக்கென்று ஓர் உணவுக்குழல் இன்றானதும் கூர்ப்பே என்று கூறினால் அவன் திகைப்பான். பரிணாமம் என்னுஞ் சொல்லோ பால் தயிராதல் போல ஒரு பொருள் தானே வேறாய்த் திரிதலைக் குறிப்பதாக நம் சாத்திரங்களில் வழங்குவது. பிறப்பும் இறப்பும் உடைய கூட்டத்தின்கண் நிகழும் மாற்றத்தை அது குறிப்பதன்று. எச்சொல்லை வழங்கினும் வழங்குக. சொல்லைக் கொண்டு பொருளை ஊகித்தல் ஆகாது என்று முதற்பாடத்திலேயே ஆசிரியர் கூறிவிடுதல் வேண்டும்.

இனி, தெருவிற்குக் கொணர்ந்தவர் என்றேமே, அவருள் தலையாயவர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கேல் என்பார். 1834இற் பிறந்து 1919இல் மறைந்தவர். ஜேர்மனியிலுள்ள யேனா நகரப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராயிருந்தவர். கடலின் நுண்ணுயிர்களை ஆராய்வதிலும் அவற்றை வரைவதிலும் அவருக்கிருந்த திறம் பெரிது. உயிர்களுக்குஞ் சூழலுக்குமுள்ள தொடர்பை ஆராயுந் துறைக்கு இன்று மேனாட்டார் வழங்கும் பெயரை 1866இல் ஆக்கியவரும் அவரே. நம் தீவுக்கும் அவர் அந்நியரல்லர். 1881ஆம் ஆண்டின் இறுதியிற் கொழும்புக்கு வந்து, தென்கரையிலுள்ள வெலிகம வாடிவீட்டையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டு பல வாரம் தங்கிக் கடலுயிர்களைத் திரட்டினார். அப்பிரயாணத்தைப் பற்றி நூலும் எழுதினார். அத்துணைக் கூர்மையான கண்ணுடையார் செய்த பிழையாதலாலேயே அது கருதத்தக்கதாயிற்று.

1868இல் ஹெக்கேல் பொதுமக்களுக்கென்று ‘இயற்கைப் படைப்பு வரலாறு’ என்னும் நூலை வெளியிட்டார். டார்வினை நேரே கல்லாத பல்லாயிரவர் இந்நூல் வாயிலாகவே கூர்ப்புக் கொள்கையை அறிந்தனர். அதில் நாய், கோழி, ஆமை என்னும் மூன்றன் கருக்கள் தொடக்க நிலையில் எத்துணை ஒத்துள்ளன என்று காட்டுதற்கு மூன்று படங்கள் அருகருகே இடப்பட்டிருந்தன. கற்றோர் வியந்தனர். பாசெல் நகரத்துப் பேராசிரியராகிய ரூட்டிமேயர் என்பவர் அவற்றை உற்றுநோக்கினார். மூன்றும் மூன்று படங்களல்ல. ஓர் அச்சுக்கட்டையே மூன்று முறை பதிக்கப்பட்டு, மூன்று பெயரிடப்பட்டிருந்தது. ஒத்துள்ளன என்பதற்குச் சான்றாக வைத்த படங்கள் ஒன்றேயாயின் ஒவ்வாதிருத்தல் எங்ஙனம்? அடுத்த பதிப்பில் ஹெக்கேல் ஒரு படத்தை மட்டும் நிறுத்தி ஏனையவற்றை நீக்கினார். எனினும் 1874இல் வெளியிட்ட மற்றொரு நூலில் மீன் முதல் மனிதன் ஈறாக எட்டு உயிர்களின் கருக்களை வரிசையாக வரைந்தார். லைப்சிக் நகரத்து உடற்கூற்றறிஞர் வில்லெம் ஹிஸ் அவருடைய படங்களைக் கண்டித்தெழுதினார். கண்டனம் அறிஞர் அவையில் நின்றுவிட்டது. படமோ உலகமெங்கும் பாடநூல்களிற் புகுந்து நூறாண்டிற்கு மேல் வாழ்ந்தது. 1997இல் லண்டனில் ரிச்சர்ட்சன் என்பவருந் துணைவரும் பல உயிர்களின் கருக்களை நேரே ஆராய்ந்து, அவற்றின் பருமன், வடிவு, உடற்கண்டங்களின் தொகை ஆகியவற்றிலுள்ள வேறுபாடு ஹெக்கேல் காட்டியதினும் மிகப் பெரிது என்று வெளியிட்டனர்.

இதனாற் கருக்களிடை ஒப்புமை இல்லையாயிற்றோ எனின், ஆகவில்லை. முதுகெலும்புடைய உயிர்களின் கருக்களில் தொண்டைப்புறத்தே வளைவுகள் சில தோன்றுதல் உண்மை. மீனில் அவற்றுட் பல செவுள்களைத் தாங்குவனவாகும். மனிதனில் அவற்றினின்று தாடையின் பகுதியும், நடுச்செவியின் நுண்ணெலும்புகளும், நாவடியெலும்பும் அமையும். நிரம்பிய உடல்களினும் அவற்றின் கருக்கள் தம்முள் மிக ஒத்திருத்தலை வொன் பேயர் என்னும் அறிஞர் 1828இலேயே கண்டு கூறினார். அவரோ டார்வினது கொள்கையைப் பிற்காலத்தும் ஏற்காதவர். ஆகவே ஹெக்கேலின் துணையின்றியே உண்மை தன் காலில் நின்றது. நிற்குஞ் சுவருக்கு உளுத்த மரத்தால் முட்டுக்கொடுப்பவன் சுவருக்கு நன்மை செய்தவனல்லன். முட்டு உளுத்ததைக் கண்டவன் சுவரையும் ஐயுறுவான்.

அவ்வாறே ஐயுற்றார் பலர். ஐயுற்றதோடு நில்லாது அதனைப் பிரசங்கமாக்கினாரும் உளர். ஆதியாகமத்திற் கூறிய ஆறுநாட் படைப்பை எழுத்துக்கு எழுத்துக் கொள்ளும் கிறிஸ்தவர் சிலர் வெளியிடும் துண்டுப்பிரசுரங்களில் இக்கட்டைப் படங்களின் கதை தவறாது இடம்பெறும். 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னுமிடத்திற் கண்டதாகக் கூறப்பட்ட மண்டையோட்டின் கதையும் உடன்வரும். மனிதனது மண்டையோட்டோடு ஒறாங்குட்டானது தாடையைச் சேர்த்து, பல்லை அரத்தால் அராவி, சாயமூட்டிப் புதைத்துவைத்த அப்பெரும் பொய் நாற்பதாண்டு அறிஞரை ஏமாற்றியது மெய்யே. ஆனால் 1953இல் அதனை வெளிப்படுத்தினவர் யாவர்? வைனர், லீ குரோஸ் கிளார்க், ஓக்லி என்னும் மூவர். மூவருங் கூர்ப்புக் கொள்கையை உடன்பட்ட அறிஞரே. எலும்பிலுள்ள புளோரின் அளவை ஆராய்ந்தும், பல்லின் அராவற் கோடுகளைக் கண்ணாடியால் நோக்கியும் அவர்கள் அதனைத் துணிந்தனர். பிரசுரக்காரர் பொய்யைக் கூறிவிட்டு, அதனைப் போக்கினார் யாவர் என்பதைக் கூறாது விடுகின்றனர். பாதி உண்மையைக் கூறுதல் காண்டலளவையைப் பாதியில் மூடிவிடுதலேயாம்.

கிறிஸ்தவர் யாவரும் அன்னர் என்று யாம் கூறுவதாக எவருங் கொள்ளற்க. யாம் பயின்றதும் மிஷன் பாடசாலையொன்றிலேயாம். காலையில் வேதாகமம் வாசித்துச் செபஞ் செய்த அதே ஆசிரியர், பத்து மணிக்கு உயிரியல் வகுப்பில் நின்று, தமக்கு உவப்பாயிருந்ததோ இல்லையோ முகத்திற் புலப்படாதவாறு, இக்கொள்கையை ஒரு சான்றுங் குறைக்காது கற்பித்தார். அவர் சமயத்தை யாம் அன்றும் உடன்பட்டிலேம், இன்றும் உடன்படேம். கற்பித்த முறையை மட்டும் இன்றுங் கைக்கொண்டு வருகின்றோம்.

இதுகாறும் பிறரைக் கூறினேம். நம்மவர் கைக்கு இது வந்து சேர்ந்த கதையே இக்கட்டுரையின் உயிர்நிலை.

1864ஆம் ஆண்டு, லண்டன் விலங்கியற் சங்கச் செயலாளராகிய பிலிப் ஸ்கிளேட்டர் என்பவர் ஒரு புதிரைக் கண்டார். லீமர் என்னும் மரவாழ் விலங்குகள் மடகாஸ்கர்த் தீவில் மிகுதியாயுள்ளன. அவற்றுக்கு உறவான விலங்குகள் ஆபிரிக்காவிலும், கடலுக்கிப்பால் இந்தியாவிலும் ஈழத்திலும் உள்ளன; நம் காட்டில் இரவில் உருண்டை விழிகளோடு கிளைபற்றி ஊரும் தேவாங்கு அவ்வுறவினதே. இடையே பெருங்கடல். இவை எங்ஙனம் இருபாலும் வந்தன? கடலினடியே ஒருகாலத்து நிலமிருந்து தாழ்ந்திருத்தல் வேண்டும் என்று கருதி, அந்நிலத்துக்கு லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் இடம்பெயரும் என்பதை அறியாத அக்காலத்தில் இது தக்க கருதலே. ஸ்கிளேட்டர் விலங்கைப் பற்றிப் பேசினாரேயன்றி மனிதனைப் பற்றிப் பேசினாரல்லர்.

அக்கருதலின்மீது ஹெக்கேல் வேறொரு கருதலை ஏற்றினார். வாலில்லாக் குரங்கினத்திலிருந்து மனிதன் கிளைத்த இடம் அந்த லெமூரியாவே என்றார். 1870இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் ஒரு படம் வரைந்து, இந்து சமுத்திரத்தின் நடுவிலிருந்து மனிதர் உலகெங்கும் பரவிய வழிகளைக் கோடிட்டுக் காட்டி, கோடுகள் தொடங்கும் இடத்திற் ‘பரதீசு’ என்று எழுதினார். ஆதியாகமத்தை மறுக்கப் புகுந்தவர் அதன் தோட்டத்தைக் கடலுக்குள் நட்டுவிட்டது வேடிக்கையே. அப்படத்தின் தலைப்பில் ‘கருதுகோளளவான வரைவு’ என்னும் பொருள்படும் சொல் உளது. எனவே அவர் பொய்யுரைத்தார் என்று கூறுதற்கில்லை. ஆயினும் படத்தைக் கண்டவர் மனத்திற் கோடுகள் நின்றன, தலைப்பு நிற்கவில்லை. 1965இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஆதி மனிதன்’ என்னும் நூலிற் சலிங்கர் என்னும் ஓவியர் வரைந்த, குரங்கு கூனி நடந்து படிப்படியாய் நிமிர்ந்து மனிதனாகும் வரிசைப் படத்துக்கும் இதே கதி நேர்ந்தது. அந்நூலின் உரை அது நேர்வழி என்று கூறவில்லை. படம் உரையை விழுங்கிவிட்டது.

அப்பரதீசுப் படத்தில் மற்றொரு தீமையும் உண்டு. ஹெக்கேல் மானிடரை ஓரினமாகக் கொள்ளாது பன்னிரண்டு இனங்களாகப் பகுத்து, தம்மவரை உச்சியிலும் வேறு பலரை அடியிலும் வைத்தார். இன்று மானிடர் அனைவரும் ஓரினமே என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளியப்பட்டுள்ளது. அன்று ‘அறிவியற் கூற்று’ என்னும் பெயரால் ஏணியின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர் பலர் ஏனையோர் கையிற் பட்டபாடு சிறிதன்று.

கருதுதலே குற்றமோ எனின், அன்று. டச்சுப் படை மருத்துவராயிருந்த டூபுவா என்பவர் ஹெக்கேலின் நூல்களாற் கிளர்ச்சியுற்று, மனிதனது முன்னோரைத் தேடி 1887இற் சுமாத்திராவுக்கும் பின்னர் ஜாவாவுக்கும் சென்றார். 1891இல் திரினில் என்னுமிடத்து ஆற்றங்கரையில் மண்டையோட்டின் மேற்பகுதியும், மறு ஆண்டு தொடையெலும்பும் கண்டெடுத்தார். ஹெக்கேல் கற்பனையிற் படைத்து முன்னரே இட்டிருந்த பெயரை அவ்வெலும்புகளுக்குச் சூட்டினார். இன்று அவை நிமிர்ந்து நடந்த பண்டை மானிடவினம் ஒன்றன் எச்சமாகப் போற்றப்படுகின்றன. பிழையான கருதலொன்று மெய்யான காண்டலுக்கு வழிகாட்டிற்று. கருதலைக் கருதலென்று சொல்லிக் கொள்ளுமளவும் அஃது அறிஞனுக்குக் கைவிளக்கு. கண்டதென்று சொன்னவுடன் கேட்பவன் கண்ணைக் கட்டுந் துணி.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவாம். கடல்கொண்ட நிலத்தைப் பற்றிய செவிவழிச் செய்தி தமிழர்க்கு நெடுநாளாய் உண்டு. இறையனார் களவியலுரையிலும் சிலப்பதிகாரத்திலும் அதன் குறிப்பு உளது. 1885இற் சென்னை மாகாண நிருவாகத்தைப் பற்றி மக்லீன் என்பவர் தொகுத்த ஆங்கிலக் கைந்நூல் ஹெக்கேல் கூற்றைத் திராவிடரது பூர்வீகத்தோடு இணைத்துப் பேசியது. அதன் பின் இருவேறு பொருள்கள் ஒன்றாயின: ஒன்று நம் முன்னோர் உரை, மற்றொன்று மேனாட்டார் கருதல். உரைக்குக் கருதலுஞ் சான்று, கருதலுக்கு உரையுஞ் சான்று என ஒன்றையொன்று தாங்கின. சாய்ந்த இரு குடங்கள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து நிற்றல் போல்வது அது. மேடைகளிலும் நூல்களிலும் குமரிக்கண்டமே மனிதன் பிறந்தவிடம், ஆங்கு முதலிற் பேசப்பட்டது தமிழே என்பன காண்டலளவையாற் பெறப்பட்டன போல முழங்கப்பட்டன. ‘மேனாட்டாசிரியரே உடன்பட்டார்’ என்பது அம்முழக்கத்தின் பல்லவி.

அம்முழக்கம் எழுமுன்னரே ஒரு சைவர் நிதானித்துப் பேசினார் என்பதை எம் வாசகர் அறிதல் வேண்டும். சித்தாந்த சாத்திரங்களை ஆங்கிலப்படுத்திய ஜே. எம். நல்லசாமிப்பிள்ளை அவர்கள் 1898இற் ‘சித்தாந்த தீபிகை’யில் இவ்விஷயத்தை எடுத்து எழுதினார்கள். கடல்கோட் செய்தியையும் லெமூரியாக் கருத்தையும் ஒருங்கு வைத்துக் காட்டிய அவர்கள், அக்கருத்துக்கு உறுதியான அடிப்படை இல்லை என்பதையும் மறையாது கூறினார்கள். தமிழ்ப்பற்றிற் குறைந்தவரோ அவர்கள்? சைவப்பற்றிற் குறைந்தவரோ? பரபக்கம் படித்தவர் எழுதியது அவ்வாறன்றி வேறெவ்வாறிருக்கும்!

லெமூரியாக் கருத்துக்குப் பின்னர் நேர்ந்ததைச் சுருங்கக் கூறுவாம். 1912இல் வேகனர் என்பவர் கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்றார். நெடுநாள் அவர் கூற்றை ஏற்றாரில்லை. 1960ஆம் ஆண்டுகளிற் கடலடி ஆராயப்பட்ட பின்னர் அது வேறு வடிவில் நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்து ஒட்டியிருந்து, ஏறக்குறைய எட்டுக்கோடியே எண்பது இலட்சம் ஆண்டுகளின் முன் பிரிந்தன. இடையே ஒரு கண்டம் மூழ்கிற்று என்று கொள்ளவேண்டிய தேவை இல்லாதொழிந்தது. மானிடவினத்தின் மிகப் பழைய சுவடுகளோ ஆபிரிக்காக் கண்டத்திற் கிடைத்துள்ளன. மொறொக்கோ நாட்டு ஜெபெல் இர்கூட் என்னுமிடத்து எலும்புகள் ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டு பழமையன என்று 2017இல் வெளியிடப்பட்டது. எட்டுக்கோடிக்கும் மூன்று இலட்சத்துக்குமுள்ள தூரத்தைக் கணக்குப் படிக்கும் சிறுவனே கூறிவிடுவான். மனிதன் அப்பாலத்தில் நடந்திலன்.

அற்றேல் நம் முன்னோரது கடல்கோள் உரை வெறும் புனைவோ எனின், அவ்வாறு துணிதலும் அவசரமே. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளின் முன், உலகிற் பனி மிக்கிருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதினும் 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தது. அக்காலத்து மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கடலில்லை, நிலமே இருந்தது. பனி உருகக் கடலேறிக் கரைகள் பல மறைந்தன. இது கண்டறிந்தது. அந்நினைவின் நிழலே நம் நூல்களிற் படிந்துள்ளது என்று ஒருவர் கூறின், அது கருதல். அவ்வாறே கூறுதற்குத் தடையில்லை. கண்டமென்றும், அதில் இத்தனை நாடென்றும், ஆண்டு இத்தனையென்றும் படம் வரைந்து பள்ளிப்பிள்ளை கையிற் கொடுத்தல் தகாது.

சைவமேடைகளில் நிகழும் மற்றொரு செயலையும் மறைத்தற்கில்லை. ‘டார்வின் நேற்றுக் கண்டதை எம் மாணிக்கவாசகர் அன்றே கண்டார்’ என்று கூறிச் சிவபுராணத்திற் புல் முதலாக எண்ணப்பட்ட பிறப்புக்களைக் காட்டிக் கைதட்டுப் பெறுவார் உளர். அவ்வெண்ணுமுறையைச் சற்றே நோக்குக. ஆங்குப் புழுவின் பின் மரமும், பறவையின் பின் பாம்பும், பாம்பின் பின் கல்லும் வருகின்றன. மனிதரின் பின் பேயும் கணங்களும் வருகின்றன. இது கூர்ப்பின் வரிசையாயின் வரிசை பிழை என்று உயர்தர வகுப்பு மாணாக்கன் கூறுவான்; பிழை என்று அவன் கூறுவது திருவாசகத்தை! அவ்வபசாரத்துக்கு அவனை ஆளாக்கினவர் யார்? கைதட்டுப் பெற்ற பிரசங்கியாரே. மாணிக்கவாசக சுவாமிகள் கூறியது ஓருயிர் வினைவயத்தாற் பல உடலெடுத்து உழன்று இளைத்த இளைப்பை. டார்வின் கூறியது உடல்கள் ஒன்றிலிருந்து ஒன்று வழிவழி வேறுபட்ட முறையை. முன்னது உயிரின் பிறவி. பின்னது உடலின் குலமுறை. முன்னதற்கு வரிசை வேண்டுவதின்று. புல்லான பின் தேவராதலும், தேவரான பின் புழுவாதலும் வினைக்கேற்ப நிகழும். பின்னதில் அவ்வாறு நிகழ்தல் இல்லை. இரண்டையும் ஒன்றென்றல், கணக்கதிகாரத்தைக் கொண்டு இலக்கணம் கற்பித்தல் போலும். தசாவதாரத்தில் மீன், ஆமை, பன்றி என வருவதைக் காட்டுவார்க்கும் இதுவே விடை. ஆமைக்குப் பின் பன்றியும், பன்றிக்குப் பின் நரசிங்கமும் எந்நிலப்படையிலும் அவ்வாறு அடுக்கப்பட்டில.

அங்ஙனமாயின் இக்கொள்கை சைவத்துக்கு மாறோ என்று வினவுவார்க்கு ஒருவார்த்தை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று தோன்றுவன என்பதும், உயிர் அநாதி என்பதும் நம் சித்தாந்தம். தனு எக்காலத்து எவ்வடிவெடுத்து எம்முறையில் வந்தது என்பது காண்டலாலுங் கருதலாலும் ஆராயத்தக்கது. அதனை உயிரியலார் ஆராய்க. உயிர் உண்டா, அது கட்டுற்றதா, கட்டறுப்பார் யார் என்பன அவருடைய கருவிகளுக்கு அகப்படுவன அல்ல. அவர் அவற்றை ஆராய்ந்ததாகக் கூறுவாராயின் ஆங்கே மறுத்தல் நம் கடன். நம் நூல்கள் உலகிற்கு ஆறாயிரம் ஆண்டு என்று எல்லை கட்டாமையால், இவ்விடயத்தில் நமக்கு அச்சம் வேண்டா. அச்சமில்லாதவர்க்குப் பெருமைபேசலும் வேண்டா.

வகுப்பறைக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம். மனிதனது கலத்தில் நிறமூர்த்தங்கள் 46; சிம்பன்சியின் கலத்தில் 48. இது காண்டல். மனிதனின் இரண்டாம் நிறமூர்த்தத்தின் நடுவே, ஏனைய நிறமூர்த்தங்களின் முனையில் மட்டுமே இருக்கவேண்டிய அமைப்பு முனையோடு முனை பொருந்தியவாறு காணப்படுகின்றது. 1991இல் இது வெளியிடப்பட்டது. இதுவுங் காண்டல். ஆகவே முன்னொருகாலத்து இரண்டு நிறமூர்த்தங்கள் ஒட்டி ஒன்றாயின என்பதும், இவ்விரண்டு இனங்களுக்கும் பொதுமுன்னோர் உண்டு என்பதும் கருதல். மிக வலிய கருதல். புகையைக் கண்டு நெருப்பைத் துணிதற்கு ஒப்பானது. சிம்பன்சியிலிருந்தே மனிதன் வந்தான் என்பதோ காண்டலுமன்று, கருதலுமன்று, அறிவியலார் கூற்றுமன்று; சந்தியில் நின்றார் சொல்லக் கேட்டது. பலகையில் மூன்று பத்தி கீறி, மாணாக்கரையே இவற்றை இடத்துக்கிடம் எழுதச் செய்யலாம். யாம் செய்வித்துப் பார்த்துளோம். சிறுவர் சண்டையிட்டுக்கொண்டு எழுதுவர்.

ஆசிரியனுக்கு உவமையாக நன்னூலார் நிலம், மலை, மலர் என்பவற்றோடு நிறைகோலையும் கூறினார். நிறைகோலுக்கு அஞ்சுபவன் கள்ளச் சரக்கு விற்பவனே. ஹெக்கேலின் கருப்படங்கள் நம் பாடசாலைப் பழைய நூல்களில் இன்னுங் காணப்படின் அப்பக்கத்தைக் கிழித்தெறிய வேண்டுவதில்லை. அதனருகே இக்காலத்து ஒளிப்படங்களை ஒட்டுக. கீழே ‘வரைந்தவர் ஹெக்கேல், 1874, அளவுக்கு மிஞ்சி ஒப்புமை காட்டியது, திருத்தப்பட்டது 1997’ என்று மையால் எழுதுக. குமரிக்கண்டப் படம் சுவரில் தொங்குமாயின் அதன் கீழும் ஒரு வரி எழுத இடமிருக்கும்.